அடைப்புக்குறிக்குள் ஒரு மனுசி

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது, ஸ்காபரோவில் இருக்கிறேன். வேலையிடத்துப் பெடியங்களோடு வருகிற நவம்பர் ஹாலிபர்ட்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போக ஆசை. இதுவரை துவக்கைத் தொட்டதில்லை. .308 தோட்டா போடுகிற துவக்கு வாங்குவதா, அதைவிட வலுவான .300 வின்செஸ்டர் மேக்னமா? பிறகு மூஸ் என்கிற பெரிய மானை அடிக்கவும் உதவும், மேக்னமே வாங்கு என்கிறான் ஒருவன். கொம்பனியில் டிக்கா வேண்டுமா, சாவேஜ் போதுமா? ஸ்கோப் என்கிற குறிக்கண்ணாடியோடு 1,500 டொலருக்குள் முடிக்க வேண்டும். (மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை. புதுக்குடியிருப்புக்காரி, கனடா தின வாணவேடிக்கைக்கே குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டுகிற ஆள். துவக்கை மச்சான் வீட்டு பேஸ்மென்டில் வைத்துவிட்டு, ஆறுதலாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.)

பதில்: தம்பி, துவக்குக்கு ஒரு பக்கம், மனைவிக்கு ஒரு அடைப்புக்குறி. காணி விற்கிறவரும் சீட்டுக் காசை எடுத்துக் கடை போடுகிறவரும் எனக்கு இப்படித்தான் எழுதுவார்கள். விஷயம் எப்போதும் அந்த அடைப்புக்குறிக்குள்தான் கிடக்கும்.

முதலில் நீர் கேட்டதற்குப் பதில். .308 வாங்கும். 1952இல் வந்தது, அதன் ரவை, அதுதான் தோட்டா, கிடைக்காத துவக்குக் கடை இல்லை. மானுக்குத் தாராளம், கிட்ட நின்று ஒழுங்காகச் சுட்டால் மூஸுக்கும் காணும். ஹாலிபர்ட்டன் காட்டில் 100 மீற்றருக்கு அப்பால் மான் கண்ணில் படுவதே அரிது. மேக்னம் தோளில் இடிக்கிற இடியில், புதிதாகச் சுடுகிறவன் நாலாவது வெடிக்கே கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழகிவிடுவான். பிறகு குறி தவறும். காயப்பட்ட மான் ஓடிப்போய் எங்கேயோ பற்றைக்குள் கிடந்து சாகும். அந்தப் பாவம் உமக்கு வேண்டாம். ஒவ்வொரு வெடிக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்து ரவை ஏற்றுகிற போல்ட் அக்ஷன் எடும். கடைக்குப் போகும்போது நவம்பரில் போடப்போகிற தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே தோளில் வைத்துப் பாரும். கன்னம் கட்டையில் பதிந்ததும் ஸ்கோப்புக்குள் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும், கழுத்தை நீட்டித் தேடக்கூடாது. டிக்கா வழவழப்பாக இருக்கும்தான், ஆனால் தொடக்கத்துக்குச் சாவேஜ் போதும். மிச்சக் காசுக்கு ரவை வாங்கிச் சுட்டுப் பழகும்.

இனி அடைப்புக்குறிக்கு வருவோம்.

லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பாதுகாப்பு வகுப்புக்குப் போய் எழுத்திலும் செய்முறையிலும் 80 புள்ளி எடுக்க வேண்டும், முதல்தரம் விண்ணப்பிக்கிறவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துப் போடுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறதே, அதைப் பார்த்தீரா? 2 வருடத்துக்குள் பிரிந்துபோன துணையைக்கூடக் கேட்கிறார்கள். கையெழுத்து இல்லாமல் அனுப்பினால், நீர் விண்ணப்பித்திருக்கிற செய்தியை அதிகாரிகளே அவவுக்கு அறிவிப்பார்கள். ஆக, உமது திட்டப்படி, பின்னேரம் வேலையால் வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பிள்ளைக்கு, தன் புருஷன் துவக்கு வாங்கப் போகிறான் என்று முதலில் சொல்லப்போவது அரசாங்கம்.

மச்சான் வீட்டு யோசனை அதைவிட மோசம். அவரிடம் லைசென்ஸ் இல்லாவிட்டால் அவரையும் குற்றத்துக்குள் இழுத்துவிடுவீர். உமது பொய்க்கு இன்னொரு வீட்டில் ஏன் இடம் கேட்கிறீர்?

அவவின் பயம் உமக்குத் தெரியாததல்ல, நீரே எழுதியிருக்கிறீர். கடைசிப் போரில், 2009 பெப்ரவரியில் ஆஸ்பத்திரிமேலேயே ஷெல் விழுந்த ஊர் புதுக்குடியிருப்பு. அப்போது எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று ஒருநாளாவது இருந்து கேட்டீரா? கேட்டிருந்தால் "குளியலறைக்குள் போய்ப் பூட்டுகிற ஆள்" என்று பகிடிபோல எழுதக் கை வந்திராது. "ஆறுதலாகச் சொல்லலாம்" என்கிறீர். யாருக்கு ஆறுதல், தம்பி?

எனக்கு வேட்டையில் கோபம் இல்லை. வன்னியில் பன்றி வத்தல் தின்று வளர்ந்தவள் நான். அப்பாவிடம், குழல் வாயால் வெடிமருந்தை இடித்து நிரப்புகிற ஓர் இடியன் துவக்கு இருந்தது, முகட்டு வளையில் செருகியிருக்கும். மருந்துப் போத்தல் மட்டும் அம்மாவின் றங்குப்பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில். பெட்டிச் சாவி அம்மாவின் இடுப்பில். எந்தக் குளத்துப் பக்கம் போகிறார், யாரோடு போகிறார், எப்போது திரும்புவார் என்று சொன்ன பிறகுதான் சாவி அவிழும். எனக்குக் காய்ச்சல் அடித்த ஒருநாள் அது அவிழவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் இடியனைத் திரும்ப வளையில் செருகிவிட்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு விறகுக்குப் போனார். அன்றைக்கு அவர் ஆம்பிளைத்தனம் எதுவும் குறைந்துபோனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வீட்டுக்குள் துவக்கு வருகிற விஷயத்தில் பேரம் பேசக்கூடாது, அழுது சம்மதிக்க வைக்கவும் கூடாது. ஆசை விடாவிட்டால் இந்த வருடம் பெடியங்களோடு சும்மா போய், செம்மஞ்சள் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, விடிய நாலு மணிக் குளிரில் ஆடாமல் அசையாமல் இருந்து பாரும். பாதிப் பேருக்கு அங்கேயே ஆசை தீர்ந்துவிடும்.

சம்மதித்தால், துவக்கை வைக்கிற இடத்தை இரண்டு பேருமாகப் பார்த்து முடிவெடுங்கள். பூட்டுகிற பெட்டி ஒன்று வேண்டும். துவக்குக்குள் ரவை இருக்கக்கூடாது, ரவையை வேறாகப் பூட்டிவைப்பது நல்லது. எங்கள் அம்மாவைப்போல் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள உமது மனைவிக்குச் சட்டம் இடம் தராது, லைசென்ஸ் இல்லாதவ. அவவின் கையில் இருப்பது அந்த ஒரு கையெழுத்துத்தான். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுதும், ஸ்கோப்பைப் பற்றிப் பேசுவோம்.