பழைய காரின் பிறந்த நிறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. வண்டி ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் அதன் மேல் இருந்த நிறத்தை இன்று எப்படித் திரும்பப் பெறுவது என்பதே அந்த ஐயம். அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் தாத்தா வாங்கிய அம்பாசடர் கார் மூன்று முறை பெயின்ட் மாற்றப்பட்டு இப்போது கறுப்பாக நிற்கிறது. முதல் நிறம் பச்சை என்கிறார் சித்தப்பா, சாம்பல் என்கிறார் அத்தை. யார் சொல்வதை நம்புவது? (அம்பாசமுத்திரம்)

இருவர் மீதும் குறை காண வேண்டியதில்லை. சாம்பல் ஓடிய பச்சையை ஒருவர் பச்சை என்றும் மற்றவர் சாம்பல் என்றும் நினைவில் வைத்திருப்பது இயல்புதான். ஆனால் பெயின்ட் கலக்க நினைவு போதாது; சாட்சியை வண்டியிடமே கேட்க வேண்டும். மறுபெயின்ட் அடிப்பவர்கள் வெளியில் தெரியும் இடங்களை மட்டுமே தேய்த்து அடிப்பது வழக்கம். டேஷ்போர்டுக்கு உட்புறம், கதவு அட்டையைக் கழற்றினால் தெரியும் தகடு, டிக்கி பீடிங் ரப்பருக்கு அடிப்பகுதி, ஸ்டெப்னி வைக்கும் குழி, நம்பர் பிளேட்டின் பின்புறம், முன் கண்ணாடி ரப்பரின் மடிப்பு ஆகிய இடங்களில் வெயிலும் ஸ்ப்ரே கன்னும் எட்டியிருக்காது. அங்கே பழைய நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அங்கும் கறுப்பு ஏறியிருந்தால், நாலணா நாணயம் அளவுக்கு ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, 320 நம்பர் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்க்க வேண்டும். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதைப் போல, வெளியே கறுப்பு, அதற்குள் முந்தைய நிறங்கள், பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நடுவில் தகடு என்று வட்டம் வட்டமாகத் தெரியும். பிரைமருக்கு அடுத்து வெளிப்பக்கம் நிற்கும் வளையம்தான் நீங்கள் தேடுவது. இந்த இடத்தில் பலர் ஏமாந்துபோவதை நான் கண்டிருக்கிறேன்: சாம்பல் பிரைமரையே அசல் நிறம் என்று எண்ணி வண்டி முழுவதையும் சாம்பலாக்கிவிடுகிறார்கள். ரப்பிங் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசையை விரலில் தொட்டு அந்த வளையத்தின் மேல் தேய்த்துப் பாருங்கள். நிறக் கோட்டிங் என்றால் பளபளப்பு வரும். பிரைமர் என்றால் எவ்வளவு தேய்த்தாலும் மங்கலாகவே கிடக்கும்.

பழைய பெயின்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சில பச்சை நிறங்களில், ஈயம் கலந்த நிறமிகள் இருந்திருக்கக்கூடும். ஆகவே எந்தக் காரணத்திற்காகவும் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்; குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

கடையில் கருவி வைத்து நிறத்தை அளந்து, கம்ப்யூட்டர் சொன்ன கணக்கில் கலந்து கொடுத்தார்கள். பட்டறையில் பொருந்திய நிறம் வெயிலில் வேறாகத் தெரிகிறது. கருவி பொய் சொல்லுமா? (பாளையங்கோட்டை)

கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் விடையை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறமாலைமானி என்னும் அந்தக் கருவி, பரப்பின் மேல் ஒளியைப் பாய்ச்சி, எந்தெந்த அலைநீளம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கிறது. பிறகு தன்னிடமுள்ள கலவைக் குறிப்புகளில் மிக நெருக்கமானதை எடுத்துக் காட்டுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பயன்பட்ட நிறமிகள் இன்றைய கலவை மேசையில் பெரும்பாலும் இல்லாததால், வேறு நிறமிகளைக் கொண்டு அதே தோற்றத்தை உருவாக்குகிறார்கள். இப்படிப் பொருள் வேறாகவும் தோற்றம் ஒன்றாகவும் இருக்கும் இரண்டு நிறங்கள் ஒரு விளக்கொளியில் பொருந்தி மற்றொன்றில் பிரிந்துவிடும். டியூப் லைட்டின் ஒளியிலும் சூரிய ஒளியிலும் அலைநீளங்களின் பங்கு ஒன்றுபோல் இல்லாததே இதற்குக் காரணம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீலச் சாம்பல் நிற வண்டி ஒன்றின் முன் மட்கார்டுக்கு மட்டும் பெயின்ட் கலக்கி, இரவு ஒன்பது மணிக்கு டியூப் லைட்டின் கீழ் பார்த்து, மயிரிழை வேறுபாடும் இல்லை என்று மகிழ்ந்து அடித்து முடித்தேன். இரண்டு நாள் கழித்துக் காலை வெயிலில் வண்டி சுலோசன முதலியார் பாலத்தின் மேல் ஏறியபோது, பின்னால் வந்த என் கண்ணுக்கு மட்கார்டு தனியே பச்சை ஓடித் தெரிந்தது. மட்கார்டை மறுபடியும் தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அன்று முதல் மாதிரித் தகடு அடித்துப் பார்க்காமல் நான் வண்டியில் கன்னைத் தூக்குவதில்லை. உள்ளங்கை அகலத் தகட்டில், வண்டிக்கு அடிக்கப்போகும் அதே பிரைமர், அதே தின்னர், அதே எண்ணிக்கைக் கோட்டிங் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பாலிஷ் போட்டு, அசல் நிறத்தை ஒட்டி வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்தால் நிறம் மாறும். காலை பத்து மணி நிழலிலும், நேர் வெயிலிலும், மாலையிலும் தனித்தனியே பாருங்கள். கருவியில் அளப்பதற்கு முன்பும் அந்த இடத்தை 1000 நம்பர் பேப்பராலும் காம்பவுண்டாலும் தேய்த்து, மேலே வெளுத்திருக்கும் படலத்தை நீக்கிவிட்டு, குறைந்தது மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். மெட்டாலிக் நிறமாக இருந்தால் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே டப்பாவில் உள்ள பெயின்ட் ஈரமாக விழுந்தால் ஒருவிதமாகவும், வறட்சியாக விழுந்தால் வெளிறியும் தெரியும். ஆகவே தகட்டை அடித்தவரே வண்டியையும் அடிக்க வேண்டும்.

1970களில் எடுத்த கல்யாணக் கலர் போட்டோவில் எங்கள் பியட் கார் தெரிகிறது. அதைக் காட்டி நிறம் கலக்கலாமா? (தென்காசி)

கூடாது. அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவில் மங்குவதால், படம் முழுவதும் செம்மை ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் கலந்தால் பச்சைக் கார் பழுப்பாகிவிடும். கூரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக இருந்ததா, சக்கரத் தட்டு எப்படி இருந்தது என்று அறிந்துகொள்ள அந்தப் படம் பெரிதும் உதவும், பத்திரமாக வைத்திருங்கள்.

பிரீமியர் பத்மினியின் டேஷ்போர்டுக்கு உள்ளே சந்தன நிறம் தெரிகிறது. ஆனால் அது வெள்ளைக் கார் என்று பழைய உரிமையாளர் உறுதியாகச் சொல்கிறார். முதல் கேள்வியில் நீங்கள் சொல்லும் முறைப்படி பார்த்தால் சந்தனம்தானே அசல்? (திருச்செந்தூர்)

இந்தக் கேள்விக்காக உங்களைப் பாராட்ட வேண்டும். மறைவிடத்தை நம்பலாம் என்ற விதிக்கு வெள்ளை ஒரு விலக்கு. எண்ணெய்ப் பசை கொண்ட சிந்தெடிக் எனாமல் பெயின்ட் வெளிச்சம் படாத இருட்டில்தான் அதிகம் மஞ்சளாகும். வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் ஓரளவு குறையும். எனவே பல ஆண்டுகள் இருட்டில் கிடந்த வெள்ளை, சந்தனம்போல் தோன்றலாம். கழற்றக்கூடிய சிறு பாகம் ஒன்றை எடுத்து, பாதியைக் கறுப்புத் துணியால் மூடி, மறுபாதியை நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். வெளிப்பாதி வெளுத்தால் அது வெள்ளை. மாறாமலே இருந்தால் சந்தனம். இந்தப் பொறுமை இல்லாமல் வெள்ளையைக் கலக்கப் போகாதீர்கள். எல்லா நிறங்களிலும் வெள்ளையே கடினமானது. ஒரு சொட்டுக் கறுப்பும் ஒரு சொட்டு மஞ்சளும் கூடினாலே அருகிலுள்ள கதவு வேறு வண்டிக் கதவாகத் தெரியும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கிறேன். பழைய முறைப்படி டியூகோ அடிப்பதா, பெயின்டை இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்த புதிய பெயின்ட் அடிப்பதா? எந்த மாதத்தில் அடிப்பது? (செங்கோட்டை)

நம் பட்டறைகளில் டியூகோ என்று பொதுவாகச் சொல்வது நைட்ரோ செல்லுலோஸ் பெயின்டை. 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் சூட்டிய பெயர் இன்றுவரை நம் வாயில் நிற்கிறது. சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஆகவே நிறத்தைத் தேட அதன் உட்புறமே நல்ல இடம். அங்கே தின்னரில் நனைத்த பஞ்சை வைத்துத் தேயுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் ஒட்டினால் நைட்ரோ செல்லுலோஸ். தோல் சுருங்கி எழும்பினால் எனாமல். அசையவே இல்லை என்றால் யாரோ பிற்காலத்தில் ஹார்டனர் கலந்து அடித்திருக்கிறார்கள். எனாமலின் மேல் நைட்ரோ செல்லுலோஸ் அடித்தால் அதன் தின்னர் கீழ்ப்படலத்தைச் சுருட்டிவிடும் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

கண்காட்சிக்கும் அசல் தன்மைக்கும் மதிப்பளிப்பவராக இருந்தால், நைட்ரோ செல்லுலோஸின் ஆழமான, மென்மையான மினுக்கத்திற்கு ஈடில்லை என்பது என் கருத்து. அன்றாடம் ஓட்டி வெயிலில் நிறுத்துபவருக்கு ஹார்டனர் கலந்த பெயின்டே தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகமூடி எந்தப் பாதுகாப்பும் தராது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாத பெயின்டரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஆனி ஆடியில் உங்கள் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று, மூடாத கொட்டகையில் தூசியை ஈரப் பெயின்டில் கொண்டுவந்து ஒட்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் நைட்ரோ செல்லுலோஸின் மேல் வெண்படலமாகப் படியும். சித்திரை வெயிலில் தின்னர் கன்னுக்கும் தகட்டுக்கும் நடுவிலேயே ஆவியாகி, பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும். தை, மாசி மாதங்களின் முற்பகல் வேளையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, முழு வண்டிக்கும் தேவையான பெயின்டை ஒரே கலவையாகக் கலந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இன்று வண்டி வேறு நிறத்தில் இருந்து, ஆர்.சி. புத்தகத்திலும் அந்த நிறமே பதிவாகியிருந்தால், மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்; அதற்கான வழிமுறையைப் பெயின்ட் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.