ஜியாலஜி சேர்ந்திருக்கிறேன். முதல் பருவத்தில் எதற்கு அணு, அயனி, பிணைப்பு என்று வேதியியல் நடத்துகிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலோடு மல்லுக்கட்டி, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான் ஜியாலஜி எடுத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன். சுத்தியல் பிடிக்கலாம், மலை ஏறலாம், சமன்பாடு எழுத வேண்டாம் என்ற நினைப்பு. முதலாண்டு செய்முறைத் தேர்வோடு அது போய்விட்டது.

எனக்குச் சேலம், மாமாங்கத்துக்குப் பக்கம். அப்பா வெள்ளைக்கல் குவாரியில் வேலை பார்த்தவர். புத்தகத்தில் மேக்னசைட் (மக்னீசியம் கார்பனேட்) என்று இருப்பதுதான் எங்களுக்கு வெள்ளைக்கல். தண்ணீர்க் குடத்துக்கு அண்டக் கொடுத்திருந்ததே அந்தக் கல்தான். தேர்வுத் தட்டில் இருந்த பத்துக் கற்களில் அதுவும் ஒன்று. பார்த்த உடனே பெயரை எழுதிவிட்டேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதன்மேல் டைல்யூட் ஆசிட் ஒரு சொட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை.

"ஏம்மா, கார்பனேட்டுன்னு எழுதியிருக்க. கார்பனேட்டுன்னா நுரைச்சுப் பொங்கணுமே?"

"தெரியல சார். ஆனா இது மேக்னசைட்டுதான். எங்கப்பா இந்தக் கல்லுலதான் வேலை பாக்கறாரு."

"அப்பா சொன்னாருன்னு எழுதினா மார்க் போட முடியாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வருடம் முழுக்க வகுப்பில் எனக்கு 'அப்பா கல்லு' என்றுதான் பேர். காரணம் கேட்பது தேர்வாளர் வேலைதானே என்று யாராவது எழுத வருவீர்கள். கேட்டது சரி. ஏன் பொங்கவில்லை என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

சொல்லிக்கொடுத்தது லேப் அட்டெண்டர் அண்ணன். மறுநாள் கூப்பிட்டு, அதே கல்லை இடித்துப் பொடியாக்கி, சோதனைக் குழாயில் போட்டு, அதே ஆசிட்டை ஊற்றிச் சூடு காட்டினார். பொங்கியது. அதற்கான காரணம் நான் வெறுத்து ஒதுக்கிய முதல் யூனிட்டில் இருந்தது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டுக்கும் மேக்னசைட்டுக்கும் ஒரே கட்டமைப்பு. அங்கே கால்சியம் அயனி, அதாவது மின்சுமை ஏறிய அணு; இங்கே மக்னீசியம் அயனி. இரண்டுக்கும் மின்சுமை +2. ஆனால் கால்சியத்தின் ஆரம் 1 ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்றால் மக்னீசியத்துக்கு 0.72தான். சிறியது என்பதால் பக்கத்தில் இருப்பதை நெருங்கி இறுக்கிப் பிடிக்கிறது. அமிலம் பிரித்தெடுக்க நேரமாகிறது. வினை வேகத்துக்கு இதைத் தாண்டியும் காரணங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். முதலாண்டுக்கு இது போதும் என்றே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் இதைத்தான் சொன்னேன். அவர் வேறொன்று கேட்டார். வெள்ளைக்கல்லைச் சுட்டு, அதில் செய்யும் செங்கலைத்தான் எஃகு உலைக்கு உட்சுவராகக் கட்டுகிறார்கள். உள்ளே 1,600 டிகிரியில் எஃகே உருகி ஓடுகிறது, செங்கல் மட்டும் ஏன் உருகுவதில்லை? நான் சொன்னேன்: சமையல் உப்பில் +1, -1 அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன; அது 801 டிகிரியில் உருகும். சுட்ட வெள்ளைக்கல் மக்னீசியம் ஆக்சைடு; அதில் +2, -2. அயனிகள் இன்னும் நெருக்கம். இழுப்பு நாலு மடங்குக்கும் மேல். அதனால் 2,800 டிகிரி தாண்டித்தான் உருகும். "உப்பையும் இதையும் ஒரே கணக்குல சொல்றியே கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய மார்க் எனக்கு யாரும் போட்டதில்லை.

பூமியின் அமைப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். அந்தக் குவாரியில் வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடுவது டியூனைட் என்ற பாறைக்குள். அது கிட்டத்தட்ட முழுக்க ஆலிவின் கனிமம். மக்னீசியம், இரும்பு, சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்தது. கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் விரிசல்களில் இறங்கி அதன் மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டதில் வந்ததுதான் மேக்னசைட். நம் காலுக்குக் கீழே மேலோடு முடிந்து மேன்டில் தொடங்கும் இடத்திலும் அதிகம் இருப்பது இதே ஆலிவின்தான். சேலத்துப் பாறை அப்படியே மேன்டிலின் துண்டு என்று நான் சொல்லவரவில்லை. அதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ரஷ்யாவில் கோலாவில் போட்ட ஆழ்துளை 12 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. பிறகு உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? கிரானைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மொத்த பூமியின் சராசரி 5.5. அப்படியானால் உள்ளே கனமானது ஒன்று இருந்தாக வேண்டும், அது இரும்பு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இருந்தபோது 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டாம், 1906-இல் நிலநடுக்க அலைகளை வைத்தே பூமிக்குக் கரு உண்டு என்று காட்டினார். வெளிக்கரு திரவம் என்று பின்னால் தெரிந்ததும் எஸ் அலைகள், அதாவது பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் நிலநடுக்க அலைகள், அதற்குள் போகாததை வைத்துத்தான். திரவத்தில் அணுக்கள் இருந்த இடத்தில் இறுகி நிற்காது. பக்கவாட்டில் ஆட்டினால் திருப்பி இழுக்க ஆள் இல்லை. மறுபடியும் பிணைப்புதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்கவில்லை என்றாலும். பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகிரபி. சில அலுவலகப் பலகைகளில் அதே சொல் ஜியாலஜி. என் சான்றிதழில் தமிழில் புவியியல் என்று அச்சடித்துவிட்டார்கள். அதனாலேயே ஒரு வேலைக்குப் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, 'உரிய பாடம் இல்லை' என்று. நிலவியல் என்று நல்ல சொல் இருக்கும்போது ஏன் இந்தக் குழப்படி? உங்கள் கல்லூரியில் பட்டத்தின் தமிழ்ப் பெயர் என்ன போடுகிறார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.