மைக்கேல் ஜாக்சனைத் தனி நட்சத்திரமாக்கிய மேடை எது?

1983 மார்ச் 25 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் பதிவான மோடவுன் இசை நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழாவையே சொல்வேன். 1979இல் வந்த 'ஆஃப் த வால்' ஆல்பமும் அதையடுத்த 'த்ரில்லர்' ஆல்பமும் நன்றாக விற்றிருந்தபோதிலும், பலரின் நினைவில் அவர் இன்னும் ஜாக்சன் 5 குழுவில் பாடிய சிறுவனாகவே இருந்தார்.

அன்று சகோதரர்களுடன் பழைய பாடல்களைப் பாடி முடித்து, அவர்கள் விலகியபின் தனியாக நின்று 'பில்லி ஜீன்' பாடலைத் தொடங்கினார். அது மோடவுன் வெளியீடே அல்ல. அதைப் பாட அனுமதித்தால்தான் மேடையேறுவேன் என்று முன்பே நிபந்தனை விதித்திருந்தார். கறுப்புத் தொப்பி, மினுங்கும் மேற்சட்டை, ஒரு கையில் மட்டும் வெள்ளைக் கையுறை. பாடலின் இடைப்பகுதியில், ஒரு காலின் நுனிவிரல்களில் எடையை ஊன்றிக்கொண்டு மறுகாலைத் தரையோடு தரையாகப் பின்னுக்கு இழுத்து, முன்னே நடப்பதுபோன்ற தோற்றத்துடன் அவர் பின்னோக்கி வழுக்கிச் சென்ற சில நொடிகள்தாம் அரங்கை அலறவைத்தன. மூன்வாக் எனப்படும் அந்த அசைவு அவருடைய கண்டுபிடிப்பன்று. பில் பெய்லி என்ற கலைஞர் 1950களிலேயே அதை ஆடியிருக்கிறார். பாடலும் முன்பே பதிவுசெய்த ஒலிக்கு வாயசைத்ததுதான் (ரசிகர்கள் மன்னிக்க), எனவே அந்த வெற்றியைக் குரலுக்கன்றி உடலுக்கே உரியதாகக் கருதுகிறேன். மே 16 அன்று என்பிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியபோது கோடிக்கணக்கானோர் பார்த்தனர்.