ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே: 232 கிலோமீட்டருக்கு இத்தனை கேள்வியா!

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை ராக்கி மலைகளுக்கு நடுவே ஓடும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போன வாரம் வாயை விட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் கால்கரிவாசி. மலையேறுபவனும் இல்லை, கைடும் இல்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தச் சாலையில் கூட்டிப் போவது என் தலையில் விழுந்து விழுந்து, இருபது தடவைக்கு மேல் ஓட்டியாயிற்று. அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். யாரும் கேட்பதற்கு முன்பே ஒன்று: டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

ஸ்கார்பரோ தம்பி: கால்கரியில் காலையில் இறங்கி, கார் எடுத்து, ஜாஸ்பர் போய், இரவுக்குள் திரும்பலாமா அண்ணா? மேப்பில் ஒரு பக்கம் நாலரை மணி நேரம்தான் காட்டுது.

மேப் பொய் சொல்லவில்லை தம்பி. எங்கேயும் நிற்காமல் ஓட்டினால் அவ்வளவுதான் ஆகும். ஆனால் நிற்காமல் ஓட்டுவதற்கு இந்தச் சாலை எதற்கு? கால்கரியிலிருந்து ஜாஸ்பருக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்பினால் 800. வேக வரம்பு பெரும்பாலும் 90. திரும்பும்போது இருட்டில், எல்க் மான் குறுக்கே வரும் சாலையில், தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவீர்கள்.

நான் சொல்லும் கணக்கு இது. முதல் நாள் லேக் லூயிஸ் பக்கம் தங்குங்கள். இரண்டாம் நாள் முழுக்கச் சாலைக்கு. கிளம்பி அரை மணி நேரத்துக்குள் க்ரோஃபுட் பனியாறு, அதாவது கிளேசியர், இடது பக்கம் தெரியும். காக்கையின் காலைப் போல மூன்று விரல் இருந்ததால் அந்தப் பெயர். ஒரு விரல் போன நூற்றாண்டிலேயே உருகிப் போய்விட்டது. அடுத்தது போ ஏரி. பெயர்தான் போ, நின்றுவிட்டுப் போங்கள். அதற்கு மேலே போ கணவாய், இந்தச் சாலையின் மிக உயரமான இடம், 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கே வண்டியை விட்டு ஏறினால் பீட்டோ ஏரி, ஓநாயின் தலை வடிவத்தில். அப்புறம் மிஸ்டாயா பள்ளத்தாக்கு, சஸ்காட்செவன் கிராசிங். அங்கிருந்து ‘பெரிய வளைவு’ ஏறினால் அதபாஸ்கா பனியாறு. மாலையில் சன்வாப்டா, அதபாஸ்கா அருவிகள். ஜாஸ்பரில் படுத்துவிட்டு மூன்றாம் நாள் அதே வழியில் திரும்புங்கள். எதிர்ப் பக்கமிருந்து வரும்போது மலைகள் வேறு முகம் காட்டும். ஜூன் கடைசியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை.

மார்க்கம் மாமி: நாங்கள் சுத்த சைவம். வழியில் என்ன கிடைக்கும்?

காபி கிடைக்கும். சஸ்காட்செவன் கிராசிங்கிலும் பனியாற்று மையத்திலும் சாப்பாட்டுக் கடை உண்டு, ஆனால் உங்களுக்கு அங்கே உருளைக்கிழங்கு வறுவல்தான் மிஞ்சும். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், குளிரிலும் நன்றாக இருக்கும். ஃபிளாஸ்க்கில் ரசம் கொண்டுபோன என் மாமியாரை அன்று எல்லோரும் கேலி செய்தோம். போ ஏரிக் கரையில் காற்று அடித்தபோது முதலில் டம்ளர் நீட்டியவன் நான்.

சாப்பிட்டபின் ஒரு பருக்கைகூட மேஜையிலோ வெளியிலோ விடாதீர்கள். மீந்தது எல்லாம் காருக்குள், இல்லையென்றால் கரடி திறக்க முடியாதபடி பூட்டுள்ள குப்பைத் தொட்டியில். மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டிவரும்.

அடையாறு அலை: டிரோன் பறக்க விடலாமா?

தேசியப் பூங்காவுக்குள் கூடாது.

பிராம்ப்டன் ரைடர்: டிசம்பர் லீவில் வருகிறோம். வாடகைக் காரில் ஓட்டலாமா?

பனியில் ஓட்டிப் பழக்கம் இருந்தால் மட்டும். நவம்பர் தொடங்கி இந்தச் சாலையில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட சின்னம் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஒரு நவம்பரில் எனக்கு வாடகைக் கார் கொடுத்தவர் “எல்லா சீசனுக்கும் ஆகும் சார்” என்று சாவியை நீட்டினார். நானும் பார்க்கவில்லை. போ கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன், வண்டி என்னைக் கேட்காமலேயே தன் போக்கில் முப்பது அடி போனது. எதிரில் யாரும் வராதது என் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, பனிச்சரிவு ஆபத்து இருந்தால் சாலையை மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் கிராசிங்கில் பெட்ரோலும் கிடையாது. டேங்க்! டேங்க்!

வேளச்சேரி வெங்காயம்: அந்த ஏரிகளின் நிறம் நிஜமா, ஃபோட்டோஷாப்பா? யாரோ தாமிரம் கலந்த தண்ணீர் என்றார்கள்.

நிஜம். தாமிரமும் இல்லை, கலர் பொடியும் இல்லை. பனியாறு நகரும்போது அடியில் சிக்கிய கல், பாறைத் தரையோடு உரசி, மாவு மாவாக அரைபடும். நம் வீட்டுக் கிரைண்டர் மாதிரிதான், கல்லும் கல்லும். அந்தக் கல்மாவு உருகிய நீரோடு ஏரிக்கு வரும். பருமனான துகள் ஏரி வாயிலேயே படிந்துவிடும். மிக நுண்ணியது மட்டும் மிதந்துகொண்டே நின்று, வெயிலின் நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் நிறம்.

ஒரு தடவை அதபாஸ்கா பனியாற்றின் அடியில் ஓடும் நீரை டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி சாம்பல் வெள்ளை. களைந்த தண்ணீர் அரை மணியில் அடியில் படிந்துவிடும் அல்லவா? இது ஒரு மணி நேரம் கழித்தும் தெளியவில்லை. விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கியது. அங்கேயே கொட்டிவிட்டு வந்தேன்.

மே மாதம் வந்துவிட்டு “ஏரியைக் காணோம், வெள்ளையாக இருக்கிறது” என்று என்னிடம் சண்டை போடாதீர்கள். பீட்டோ ஏரி உறைபனி விலகவே ஜூன் ஆகிவிடும். நிறம் ஜூலை, ஆகஸ்டில்தான் முழுசாக ஏறும்.

மிசிசாகா மச்சான்: கால்கரியிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா?

முதல் கேள்வியைப் பாருங்கள்.

கோவை வாத்தியார்: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். பனியாறு என்று எழுதியதற்கு நன்றி. பத்திரிகைகள் எல்லாம் பனிப்பாறை என்றே எழுதிக் கொல்கின்றன.

ஐயா, நீங்களாவது கவனித்தீர்களே. டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, மலையிலிருந்து இறங்குவதும் பனிப்பாறை என்றால் எப்படி?

பருத்தித்துறைப் பொடியன்: நாங்கள் படிச்சது பனிக்கட்டியாறு. பனி எண்டால் மார்கழியில் புல்லில விழுறது. அது எப்படி ஆறாகும்?

நியாயமான அடி. தமிழில் பனி என்ற ஒரே சொல்லைப் புல்லின் துளிக்கும், மூடுபனிக்கும், கனடாவில் மண்வெட்டியால் வாரிப் போடுவதற்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். கட்டி என்று சேர்ப்பது தெளிவுதான். ஆனால் நாலு தடவை எழுதினால் கை வலிக்கிறது.

அடையாறு அலை: ஆறு என்றால் ஓட வேண்டும். அது சும்மா கிடக்கிற ஐஸ்தானே? பாறை என்பதே சரி.

சும்மா கிடக்கவில்லை. மேலே கொலம்பியா ஐஸ்ஃபீல்ட் என்ற பெரிய பனிவெளியில் வருஷா வருஷம் விழும் பனி அழுந்தி, இறுகி, தன் எடையாலேயே பள்ளத்தாக்கில் வழிகிறது. அதபாஸ்கா பனியாறு நாளுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. கீழே படிக்கட்டு மாதிரி சரிவு வரும் இடத்தில் வளைய முடியாமல் விரிசல் விடும், அந்த விரிசல்தான் ஆளை விழுங்கும்.

அடையாறு அலை: பனியாறுகள் பின்வாங்குகின்றன என்று எல்லாரும் சொல்கிறார்களே. பின்னால் போவது எப்படி முன்னால் ஓடும்? நீங்களே குழப்புகிறீர்கள்.

கோவை வாத்தியார்: இதை 31 வருடம் வகுப்பில் கேட்டிருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.

ஐயா தேர்வு வைத்துவிட்டார். சரி. பின்வாங்குகிறது என்றால் பனி மலைமேல் திரும்பி ஏறுகிறது என்று அர்த்தமில்லை. பந்தியில் இட்லி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டிலிருந்து தட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது. முதல் வரிசையிலேயே தீர்ந்துவிட்டால் கடைசி வரிசைக்கு எட்டாது. நேற்று ஐந்தாவது வரிசை வரை வந்தது, இன்று மூன்றாவதோடு சரி. இட்லி பின்னால் நடக்கவில்லை, வந்து சேரும் இடம்தான் பின்னால் போனது. அங்கே சாப்பிடுவது வெயில்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பனியாற்றின் நுனி, இன்றைக்கு நெடுஞ்சாலை ஓடும் இடம் வரை இருந்தது. இப்போது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்விட்டது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடக்கும் வழியில், எந்த வருஷம் பனி எதுவரை இருந்தது என்று பலகை நட்டிருக்கிறார்கள். 1992 பலகை அருகில் நின்று பனியைத் தேடினால், இன்னும் நல்ல நடை பாக்கி இருக்கும்.

பருத்தித்துறைப் பொடியன்: இட்லியாறு எண்டு வையுங்கோ அப்ப.

கோவை வாத்தியார்: முழு மதிப்பெண். ஆனால் பெயர் பனியாறுதான்.

வேளச்சேரி வெங்காயம்: உறையாறு?

பருத்தித்துறைப் பொடியன்: உறையூருக்குப் பக்கத்திலயோ?

போதும். இதற்கப்புறம் பன்னிரண்டு பேர் பன்னிரண்டு பெயர் அனுப்பியிருக்கிறார்கள். பனியாறு, பனிக்கட்டியாறு இரண்டும் இருக்கட்டும். சாலைக்கு வருவோம்.

ஏஜாக்ஸ் அக்கா: அம்மாவோட வாறம், 74 வயசு, முழங்கால் ஏலாது. பனியில கால் வைக்க ஆசைப்படுறா.

அக்கா, அதற்கு அந்த ராட்சதச் சக்கர பஸ்தான் வழி. ஆளுயர டயர், பனியாற்றின் மேலேயே ஏற்றிக்கொண்டு போய், பாதுகாப்பான இடம் பார்த்து இறக்கிவிடுவார்கள். விலை கொஞ்சம் கடிக்கும், ஆனால் அம்மாவுக்காகக் கொடுக்கலாம். ஆகஸ்ட் ஆனாலும் சுவெட்டர், குல்லாய் கட்டாயம். பனிமேல் இறங்கி வரும் காற்று காதைத்தான் முதலில் பிடிக்கும். அதபாஸ்கா அருவி வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 23 மீட்டர்தான் உயரம், ஆனால் மொத்த ஆறும் ஒரு சந்துக்குள் நெருக்கிப் பாயும் சத்தம் நெஞ்சில் அதிரும். பனியாற்றுப் பக்கம் இருக்கும் கண்ணாடித் தரை நடைபாதைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், என்னைக் கேட்டால் விட்டுவிடுங்கள்.

எட்மண்டன் எலி: கயிறு கட்டிய இடத்தைத் தாண்டி நாங்களே நடந்து போய் பனியைத் தொடலாமா? நிறையப் பேர் போகிறார்களே.

போகாதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும் பனிக்கு அடியில் பல ஆள் ஆழத்துக்குப் பிளவு இருக்கும். கீழே போகப் போகக் குறுகும். விழுந்தவர் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்வார், உடல் சூட்டில் பனி உருகி இன்னும் இறங்குவார். விழுந்த பிள்ளைகளை உயிரோடு எடுக்க முடியாமல் போனது இங்கே நடந்திருக்கிறது. “நிறையப் பேர் போகிறார்கள்” என்று இனி யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

நெல்லை நெத்திலி: கரடி பார்க்க எங்கே நிறுத்தணும்?

அது எங்கே வரும் என்று அதற்கே தெரியாது. பார்த்தால் காரை விட்டு இறங்காதீர்கள். கரடிக்கு 100 மீட்டர், அதாவது பத்து பஸ் நீளம். மானுக்கு 30 மீட்டர். கரடி ஸ்ப்ரே வாங்கினால் அதை விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கேதான் வாங்க வேண்டும். அது உடம்பில் பூசுவதற்கு அல்ல. சிரிக்காதீர்கள், கொசு மருந்து மாதிரி அடித்துக்கொண்டவர்கள் உண்டு. உள்ளே இருப்பது மிளகாய்க் காரம்.

மதுரை மைனர்: 2024 தீயில் ஜாஸ்பரே போய்விட்டதாமே? போவது வீணா?

ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டிடங்கள் எரிந்தன. மற்றவை இருக்கின்றன, கடைகளும் விடுதிகளும் நடக்கின்றன. ஜாஸ்பரை நெருங்கும்போது சாலையோரம் கருகிய மரங்கள் தீக்குச்சி அடுக்கியது போல் நிற்கும். அதையும் பாருங்கள். அங்குள்ள ஒருவகை பைன் மரத்தின் காய், தீயின் சூட்டில்தான் பிசின் இளகி வாய்திறந்து விதையைக் கொட்டும். தங்குவதானால் ஜாஸ்பரிலேயே தங்குங்கள், அந்த ஊருக்கு உங்கள் காசு தேவை.

டொராண்டோ டிக்கெட்: மொரெய்ன் ஏரிக்குச் சொந்தக் காரில்…

முடியாது. 2023 முதல் தனியார் காருக்கு அனுமதி இல்லை. பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யுங்கள். இது ஏழாவது தடவை.

கனடா கனவு: விசிட்டர் விசா எத்தனை நாளில் வரும்?

அதற்கு நான் ஆள் இல்லை.

வாட்டர்லூ வாலு: ஒரே நாளில்…

இல்லை.

கும்மிடிப்பூண்டி எக்ஸ்பிரஸ்: அண்ணா, இப்போது லேக் லூயிஸில்தான் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம், நாலு பேர். கால் டேங்க் இருக்கு. ஜாஸ்பர் வரை போதும்தானே?

காபியைக் கீழே வையுங்கள். அங்கேயே பெட்ரோல் பங்க் இருக்கிறது, நிரப்புங்கள். இன்னும் பத்து நிமிடத்தில் ஃபோனில் சிக்னல் போய்விடும், அதனால் மேப்பையும் இப்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பூங்கா அனுமதிச் சீட்டு கண்ணாடியில் இருக்கிறதா? நிரப்பிவிட்டு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை வேறு யாருக்கும் பதில் இல்லை.

கும்மிடிப்பூண்டி எக்ஸ்பிரஸ்: நிரப்பியாச்சு அண்ணா. 58 டாலர். சீட்டும் இருக்கு.

சரி, கிளம்புங்கள். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் க்ரோஃபுட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விரல்தான் இருக்கும்.