பிரிண்டர் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?

கேள்வி: அலுவலக பிரிண்டருக்கு அட்மின் பாஸ்வேர்டு போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கும் நினைவில்லையாம். செட்டிங்ஸுக்குள் நுழையவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பதறாதீர்கள். கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை அவர் மாற்றாமலே விட்டிருக்கலாம். முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். புதிய பிரதர் மாடல்களில் பின்புற ஸ்டிக்கரிலேயே பாஸ்வேர்டு இருக்கும். எப்சனில் பெரும்பாலும் சீரியல் எண்தான். எச்பி என்றால் கார்ட்ரிட்ஜ் மூடியைத் திறந்து உள்ளே உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள்.

சரிப்படவில்லையா? பல சிறிய மாடல்களில் ஃபேக்டரி ரீசெட் கைகொடுக்கும். ஆனால் அதற்கு முன் தயவுசெய்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் ஐபி முகவரி, ஸ்கேன் அனுப்பும் முகவரிப் பட்டியல் எல்லாம் அழிந்துவிடும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, மறுநாள் அலுவலகமே அச்செடுக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், வாடகைக்கு எடுத்த பெரிய மெஷின் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.