மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை வளர்க்க ஏஐ உதவுமா?

உதவும், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் வாசித்ததைப் புரிந்துகொள்வதும் வேறு வேறு வேலை, இரண்டுக்கும் ஒரே ஆப்பை நம்பாதீர்கள். முதல் வேலைக்கு கூகுளின் ரீட் அலாங் போதும். 2019இல் போலோ என்ற பெயரில் வந்தது, இப்போது தமிழும் உண்டு. பிள்ளை சத்தமாக வாசிக்க வாசிக்க அது கேட்டுக்கொண்டே இருந்து, தடுமாறும் சொல்லை உச்சரித்துக் காட்டும். கதைகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ல, ள, ழ வேறுபாட்டுக்கு மட்டும் உங்கள் காதையே நம்புங்கள்.

புரிதலுக்குக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். "எறும்பு ஏன் வரிசையா போகுது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாமல், ஆளுக்கொரு யூகத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள் (எழுத்துப் பிழையை அப்போதே திருத்தப் போகாதீர்கள், எழுதுவதே நின்றுவிடும்), அப்புறம் வெளியே கூட்டிப்போய் எறும்பு போகும் தடத்தில் ஓரிடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். அதற்குப் பிறகுதான் சாட்ஜிபிடி. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இல்லை என்று அதன் விதிமுறையே சொல்வதால் நீங்கள்தான் கேட்க வேண்டும்: எறும்பு விட்டுச்செல்லும் வாசனைத் தடம் பற்றி, சின்னச் சின்ன வாக்கியமாக, எட்டு வரியில். தகவலை முதலில் சரிபார்த்துவிடுங்கள். வருகிற தமிழ் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். சரி, அதைப் பலகையில் எழுதி, பிள்ளைகளையே தங்கள் பேச்சுக்கு மாற்றச் சொல்லலாம். யாருடைய யூகம் ஒத்துப்போனது, அது எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால், வாசிக்கச் சுணங்கும் பிள்ளைகூட அந்த வரியைத் தேடும்.