காலை ஆறு மணிக்கு இறங்கினால் எத்தனை நாள் வாடகை?

கேள்வி: தென்காசியில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 68. சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் சங்கர நேத்ராலயாவில் வியாழக்கிழமை காலை 9 மணிக்குக் கண் பரிசோதனை. வெள்ளிக்கிழமை முற்பகல் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பொதிகையில் வியாழன் விடியற்காலை எழும்பூரில் இறங்கி, வெள்ளி இரவு அதே ரயிலில் ஊர் திரும்புகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. நாளுக்கு 1,500 ரூபாய்க்குள் அறை தேடுகிறேன். ஆப்பில் 'சென்னை' என்று போட்டால் கூடுவாஞ்சேரியில் 899-க்கு ஒன்று, கோயம்பேட்டில் 1,200-க்கு ஒன்று, எழும்பூரில் 1,400-க்கு ஒன்று வருகிறது. எதைப் போடலாம்?

பதில்: எழும்பூர் 1,400. ஆனால் போடுவதற்கு முன் அந்த லாட்ஜுக்கு ஒரு போன் செய்து, "உங்களுக்கு 24 மணி நேர செக்-அவுட்டா, மதியம் பன்னிரண்டு மணியா?" என்று கேட்டுவிடுங்கள். முதலாவதில் நீங்கள் அறை எடுத்த நேரத்தில் இருந்து ஒரு நாள் கணக்கு, இரண்டாவதில் எப்போது வந்தாலும் மதியம் பன்னிரண்டோடு ஒரு நாள் முடிந்துவிடும். பன்னிரண்டு மணி என்று சொன்னால் வேறு லாட்ஜ் பாருங்கள். உங்கள் செலவு 1,400-இல் இல்லை, இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

எழும்பூர் லாட்ஜ் ஒன்றில் பல வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவன் நான். தென்மாவட்ட ரயில்கள் வந்து நிற்கும் விடியற்காலை நேரத்தில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். வந்தவர் கையில் 'வியாழன் முதல் வெள்ளி' என்று போட்ட புக்கிங் இருக்கும். மணி ஆறு. பன்னிரண்டு மணி கணக்கு வைத்திருக்கும் இடத்தில் அவருடைய வியாழக்கிழமை இன்னும் பிறக்கவில்லை, மதியம்தான் பிறக்கும். இப்போதே சாவி வேண்டும் என்றால் புதன்கிழமை வாடகையும் சேர்த்துக் கொடு என்பார்கள். வயதான அம்மாவைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு யாரும் அந்த நேரத்தில் வாதாட மாட்டார்கள். கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் பயணத்தையே கணக்குப் போடுவோம். வியாழன் காலை 6 மணி முதல் வெள்ளி இரவு 7 மணி வரை, மொத்தம் 37 மணி நேரம். 24 மணி நேரக் கணக்கில் இது இரண்டு நாள். 2,800 ரூபாய், வரி 140, ஆக 2,940. கோயம்பேட்டு அறை பன்னிரண்டு மணி கணக்கு என்று வைத்துக்கொண்டால், புதன் மதியத்தில் இருந்து வியாழன் மதியம் ஒன்று, அங்கிருந்து வெள்ளி மதியம் ஒன்று, வெள்ளி மதியத்துக்கு மேல் இன்னொன்று. மூன்று நாள், வரி சேர்க்காமலே 3,600. முன்னும் பின்னும் அரை வாடகைக்கு ஒத்துக்கொண்டார்கள் என்றால் வரி நீங்கலாக 2,400-இல் முடியும். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் அன்றைக்கு அறை காலியாக இருந்தால்தான். முகூர்த்த நாளில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

வரி விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு முன்பு 12. பில்லில் இன்னும் 12 போட்டிருந்தால் கேளுங்கள். ஆப்பில் முதலில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் வரி சேராத தொகை. பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்தால்தான் முழுத் தொகை தெரியும். அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டு, பணம் கட்டாமல் லாட்ஜுக்கே நேராகப் போன் செய்து கேளுங்கள். ஆப்புக்குத் தர வேண்டிய கமிஷன் மிச்சம் என்பதால் அதே விலைக்கோ குறைத்தோ தருகிற லாட்ஜ்கள் நிறைய. அதைவிட முக்கியம், நேரில் பேசினால் எந்த மாடி, எந்தப் பக்கத்து அறை என்று கேட்டு வாங்கலாம். ஆப்பில் அது முடியாது.

கூடுவாஞ்சேரி ஏன் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். ஆப்புக்குத் தாம்பரத்தைத் தாண்டியும் சென்னைதான். செங்கல்பட்டு மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் வர ஒரு மணி நேரம் பிடிக்கும். டிக்கெட் மலிவு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் மேம்பாலப் படி ஏற வேண்டும், காலை நேரத்தில் நிற்க இடம் இருக்காது. உங்கள் அம்மாவின் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது. கால் டாக்சி பிடித்தால் அறை வாடகையில் மிச்சம் பிடித்தது ஒரே நடையில் போய்விடும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கேயே ஏதாவது வேலையும் இருப்பவர்களுக்குத்தான் அந்த அறை.

கோயம்பேடு மோசமான யோசனை இல்லை. மெட்ரோவில் எழும்பூருக்கு நேர் ரயில், இடையில் மாற வேண்டாம், நிலையங்களில் லிஃப்ட் உண்டு. நீங்கள் தனியாக ஒரு நேர்முகத் தேர்வுக்கு வருகிறீர்கள் என்றால் அதையே சொல்லியிருப்பேன். உங்கள் விஷயத்தில் மருத்துவமனைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கண்ணை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு எழுத்து தெரியாது, வெயில் ஆகாது, கூசும். அந்தக் கண்ணோடு ஒருவரைக் கைபிடித்து மெட்ரோ, அப்புறம் ஆட்டோ என்று ஏற்றி இறக்கிக் கூட்டிப்போவது வேண்டாத வேலை. எழும்பூரில் இருந்து கல்லூரிச் சாலை இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், ஒரே ஆட்டோவில் போய்விடலாம்.

ஆட்டோ என்றதும் நினைவு வருகிறது. 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கட்டணத்துக்கு வருகிற வண்டியை நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. செல்போன் ஆப்பில் என்ன தொகை காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அதை வைத்துப் பேரம் பேசுங்கள். ரயில் நிலைய வாசலில் "ரூம் வேணுமா சார், நல்ல ரூம் காட்டறேன்" என்று பையைத் தொடுகிறவரிடம் மட்டும் பேச்சே வேண்டாம். அவர் கூட்டிவரும் ஒவ்வொரு ஆளுக்கும் லாட்ஜ் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது, அது உங்கள் வாடகையில்தான் ஏறும். நாங்களும் கொடுத்திருக்கிறோம்.

எழும்பூரில் எங்கே என்றால், நிலையத்தின் முகப்பு காந்தி இர்வின் சாலையைப் பார்த்து இருக்கிறது. அந்தச் சாலையிலும் எதிரே உள்ளே போகும் கென்னத் லேனிலும் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. விடியற்காலையில் ரயிலில் வருகிறவர்களை நம்பியே நடப்பதால் இங்கே 24 மணி நேரக் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சத்தம் உண்டு. சாலையைப் பார்த்த அறை வேண்டாம், பின்பக்கம் கொடுங்கள் என்று கேளுங்கள். கிரீம்ஸ் சாலைப் பக்கமும் பார்க்கலாம். அங்கே இருப்பவை பெரும்பாலும் நோயாளிகளை வைத்து நடக்கும் விடுதிகள். வங்காளத்தில் இருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவதால் கடைப் பலகையில் வங்க எழுத்தைப் பார்க்கலாம், சமைத்துக்கொள்ள வசதி இருக்கும் அறைகளும் கிடைக்கும். இரண்டு நாளைக்கு அது தேவையில்லை. ஒருவேளை அறுவை சிகிச்சை என்று ஆகி அடுத்த முறை ஒரு வாரம் தங்க நேர்ந்தால் அந்தப் பக்கம் போங்கள். மருத்துவமனையின் உதவி மேசையிலும் பக்கத்தில் தங்க இடம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மலிவுதான், ஆனால் அவை வேலைக்கு வந்த தனி ஆண்களின் உலகம், அம்மாவோடு வேண்டாம்.

ரயில்வேயின் ஓய்வறையை யாரும் நினைப்பதில்லை. உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் 12 மணி நேரத்துக்கோ 24 மணி நேரத்துக்கோ பதிவு செய்யலாம். அறைகள் சிலதான், சீக்கிரம் தீர்ந்துவிடும். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலையும் நடக்கிறது என்பதால், கிடைத்தால் லாபம் என்று பாருங்கள், அதை நம்பி இருக்காதீர்கள். அந்த வேலையால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவதும் நடக்கிறது. கிளம்புவதற்கு முதல் நாள் உங்கள் ரயில் எங்கே போய் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை இன்னும் இறக்க ஒரு வழி இருக்கிறது. 24 மணி நேர லாட்ஜில் கணக்கு தொடங்குவது உங்கள் பெயரைப் பேரேட்டில் எழுதும் நிமிடத்தில். காலையில் நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு, பையைக் கிளோக் ரூமில் போட்டுவிட்டு (பூட்டு இருக்க வேண்டும், பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள்) மருத்துவமனைக்குப் போய், மதியம் இரண்டு மணிக்கு அறை எடுத்தால் வெள்ளி இரண்டு மணி வரை ஒரே நாள் வாடகைதான். 1,470-இல் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ரயில் வரைக்கும் பையை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் மட்டும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். இரவெல்லாம் ரயிலில் வந்த 68 வயதுக்காரரை நேராக மருத்துவமனை வரிசையில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் சொட்டு மருந்து விடுவார்களா என்று முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள். விடுவார்கள் என்றால் மாலை வரை படுக்க அறை வேண்டும், இரண்டு நாள் வாடகை வீண் இல்லை. வெறும் ரிப்போர்ட் பேசத்தான் என்றால், வியாழன் காலை ஆறு மணிக்கு எடுத்த அறையை வெள்ளி காலை எட்டு ஒன்பது வரை நீட்ட முடியுமா என்று மேசையில் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் சும்மாவே விடுவார்கள். மேற்கொண்டு கேட்டால் அரை நாள் வாடகை போடலாம். முழு நாள் போடுவதைவிட அதுவும் லாபம்.

போனில் வேறு என்ன கேட்பது? லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் ஓடுகிறதா. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பல லாட்ஜ்களில் லிஃப்ட் தரைத்தளத்தில் தொடங்காது, வாசலில் ஏழெட்டுப் படி ஏறித்தான் வரவேற்பறையே வரும். வெஸ்டர்ன் கழிப்பறையா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா. வெந்நீர் எத்தனை மணிக்கு? 'உண்டு சார்' என்பார்கள். ஆறு முதல் ஒன்பது வரைதான் வரும். அதே கட்டடத்தில் பார் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால் இரவு பதினொன்று வரை தூக்கம் கிடையாது. ஆப்பில் இருக்கும் படங்களை நம்பாதீர்கள், அவை பெயின்ட் அடித்த அன்று எடுத்தவை. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், அதிலும் ஒரு நட்சத்திரம் கொடுத்தவர் எதற்காகக் கோபப்பட்டார் என்று படியுங்கள். 'டிவியில் சேனல் வரவில்லை' என்றால் போகட்டும். மூட்டைப்பூச்சி, பாத்ரூம் நாற்றம், அட்வான்ஸ் திருப்பித் தரவில்லை, இந்த மூன்றில் ஒன்று இரண்டு பேர் வாயில் வந்தால் விட்டுவிடுங்கள்.

அடையாள அட்டை இருவருக்கும் வேண்டும், அசல். அம்மாவுடையது வீட்டில் இருக்கிறது என்று நிற்காதீர்கள். பான் கார்டில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை எடுத்து அதைக் கொடுங்கள். அட்வான்ஸ் கட்டினால் ரசீது.

கடைசியாக, போனில் பகலில் பேசியவர் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க மாட்டார், இரவு டியூட்டி ஆள்தான் இருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பேசி முடித்ததும் "வியாழன் காலை 6 மணி, இரண்டு பேர், 24 மணி நேரக் கணக்கு, பின்பக்க அறை, 1,400 பிளஸ் வரி" என்று அதே எண்ணுக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதி, 'ஓகே' வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஜன்னலுக்குக் கனமான திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு இருட்டறை வேண்டும். இல்லை என்றால் ஊரில் இருந்து ஒரு அடர்நிறப் போர்வையும் நாலு துணிக் கிளிப்பும் எடுத்து வந்துவிடுங்கள்.